கல்லூரிகளை இணைத்து அரசுப் பல்கலைக்கழகம் உருவாக்குவது எப்படி: சட்டம் முதல் சான்றிதழ் வரை

ஒரு பிராந்தியத்தில் இருக்கும் மூன்று, நான்கு கல்லூரிகளைச் சேர்த்து ஒரு அரசுப் பல்கலைக்கழகம் ஆக்கலாம் என்று முடிவானதும், எல்லோரும் முதலில் பேசுவது பெயரைப் பற்றி. அடுத்தது இலச்சினை. அதற்கடுத்தது யார் துணைவேந்தர் என்பது. நான் அப்படியோர் இணைப்பின்போது தேர்வுப் பிரிவில் உட்கார்ந்திருந்தவன். எங்கள் மேசைக்கு வந்த முதல் சிக்கலுக்கும் இவை எதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு கல்லூரிகளில் ஒரே பதிவெண்ணில் இரண்டு மாணவர்கள் இருந்தார்கள். ஒருவர் வேதியியல், மற்றவர் வணிகவியல். பழைய கோப்புகளைப் புதிய கணினியில் ஏற்றியபோது இருவரின் மதிப்பெண்களும் ஒரே பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டன. கரிம வேதியியலிலும் அடக்கவிலைக் கணக்கியலிலும் ஒரே பருவத்தில் தேர்ச்சி பெற்ற அந்த ‘மாணவரை’ மறுபடியும் இரண்டு பேராகப் பிரிக்க எங்களுக்கு ஒன்பது நாளானது.

அந்த மேசையில் இருந்தபடியேதான் இதை எழுதுகிறேன். சட்டமன்றம் ஒரே பிற்பகலில் ஒரு பல்கலைக்கழகத்தை உருவாக்கிவிடும். அது நிலைக்குமா என்பது மூன்று விஷயங்களில் இருக்கிறது: பதிவேடுகள், பணிமூப்புப் பட்டியல், பாதிப் படிப்பில் நிற்கும் மாணவர்கள். அதனால் இவற்றுக்கு இங்கே இடம் அதிகம். இலச்சினைக்கு இடமே இல்லை.

படி 1: எதற்காக என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

‘உயர்கல்வியை மேம்படுத்த’ என்று எழுதினால் காகிதத்தைக் கிழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். ‘இந்தப் பகுதி மாணவர்கள் முதுகலைக்கும் ஆய்வுக்கும் வெளியூர் போகாமல் இருக்க’ என்பது காரணம். ‘எந்தக் கல்லூரிக்கும் தனியாகப் பட்டம் வழங்கும் அதிகாரம் கிடைக்காது, சேர்ந்தால் கிடைக்கும்’ என்பதும் காரணம்தான். ‘செலவு குறையும்’ என்பதை மட்டும் நம்பாதீர்கள். முதல் சில ஆண்டுகளில் செலவு ஏறத்தான் செய்யும். ஏன் என்பது நிதிப் படியில் வரும்.

பல இணைப்புகளின் உண்மையான காரணம் மேலிருந்து வந்த ஒரு வரம்பு. ஆஸ்திரேலியாவில் 1988-ல் வெளியான அரசின் வெள்ளை அறிக்கை, உயர்கல்விக்கான ஒருங்கிணைந்த தேசிய அமைப்பில் இடம் பெறக் குறைந்தது 2,000 முழுநேர மாணவர்களுக்குச் சமமான எண்ணிக்கை வேண்டும் என்றது. ஓரளவு ஆய்வு வசதிக்கு 5,000, எல்லாத் துறைகளிலும் ஆய்வு செய்ய 8,000. கணக்கு எட்டாத கல்லூரிகள் அவசரமாகத் துணை தேடின. அயர்லாந்து வேறு வழியில் போனது. 2018-ல் வந்த தொழில்நுட்பப் பல்கலைக்கழகச் சட்டம், தலை எண்ணுவதோடு நிற்காமல் தரத்தையும் கேட்டது. பட்டப்படிப்புகளில் கற்பிக்கும் முழுநேர ஆசிரியர்களில் 90 சதவீதம் பேருக்கு முதுகலைப் பட்டமாவது இருக்க வேண்டும். 45 சதவீதம் பேருக்கு முனைவர் பட்டமோ அதற்கு இணையான தகுதியோ வேண்டும். பட்ட நிலையிலும் அதற்கு மேலும் படிப்போரில் 4 சதவீதம் பேர் ஆய்வு மாணவர்களாக இருக்க வேண்டும், அதைப் பத்தாண்டில் 7 சதவீதமாக உயர்த்த வேண்டும்.

எனக்கு இரண்டாவது வழியே பிடிக்கும். வரம்பு எண்ணிக்கையில் இருந்தால், யாரையாவது சேர்த்துக்கொண்டு தாண்டிவிடலாம். தரத்தில் இருந்தால், சேர்வதற்கு முன்பே ஒவ்வொரு கல்லூரியும் தன் வீட்டைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தியாக வேண்டும்.

படி 2: மூன்று வடிவங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

முதல் வடிவம், பெரிய கல்லூரி மற்றவற்றை உள்ளிழுத்துக்கொள்வது. சட்ட வேலை குறைவு, மனக்கசப்பு அதிகம். சிறிய கல்லூரியின் ஆசிரியர்கள் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் ‘வந்தவர்கள்’ஆகவே இருப்பார்கள்.

இரண்டாவது, எல்லாப் பழைய அமைப்புகளையும் ஒரே நாளில் கலைத்துவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்குவது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் அப்படித்தான் செய்தார்கள். அங்கே இரண்டு பல்கலைக்கழகங்களில் ஒன்று மற்றதைவிடப் பெரியது. இருந்தும் இரண்டையும் கலைத்துவிட்டு 2004 அக்டோபர் 1 அன்று புதிய பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார்கள். யாரும் யாரையும் விழுங்கவில்லை என்று சொல்ல முடிகிற வடிவம் இது ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் ஒவ்வொரு சொத்தையும் சட்டத்தால் மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

மூன்றாவது கூட்டமைப்பு. கல்லூரிகள் தனித்தனிச் சட்ட அமைப்புகளாகவே இருக்கும். பட்டம் மட்டும் பொதுப் பெயரில் வரும். ஸ்காட்லாந்தின் ஹைலண்ட்ஸ் அண்ட் ஐலண்ட்ஸ் பல்கலைக்கழகம் இப்படி வளர்ந்து 2011-ல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. மலையும் தீவுமாகச் சிதறிக் கிடக்கும் பகுதிக்கு அது பொருந்திய வடிவம். முடிவெடுக்க நேரமாகும் என்பது இதன் விலை. அங்கேயே மூன்று உறுப்புக் கல்லூரிகள் 2023-ல் தங்களுக்குள் இணைந்து ஒரே கல்லூரியாயின. கூட்டமைப்பில் தொடங்கினால் முழு இணைப்புக்கு வழி அடைபடுவதில்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் ஆறு மாதத்துக்குள் தேர்ந்தெடுங்கள். ‘இப்போதைக்குக் கூட்டமைப்பு, பிறகு பார்க்கலாம்’ என்று இழுத்துக்கொண்டே போனால், ஒவ்வொரு முதல்வரும் அந்தப் ‘பிறகு’ தன் ஓய்வுக்குப் பிறகு வரட்டும் என்று வேலை பார்ப்பார்.

படி 3: பெண் பார்ப்பதற்கு முன் வில்லங்கம் பாருங்கள்

ஒவ்வொரு கல்லூரியிலும் இவற்றைத் திறந்து பார்க்க வேண்டும்: நில ஆவணங்கள், கடன்கள், நிலுவை வழக்குகள், ஓய்வூதியப் பொறுப்பு, பணிக்கொடை நிலுவை, கட்டடங்களின் நிலை, ஆய்வகக் கருவிகளின் வயது, கடைசி மூன்று ஆண்டுத் தணிக்கை ஆட்சேபங்கள். வேலையைக் கல்லூரிகளிடமே ஒப்படைக்காதீர்கள். வெளித் தணிக்கையாளர் ஒருவர் எல்லாக் கல்லூரிக்கும் ஒரே படிவத்தில் செய்ய வேண்டும். இல்லையென்றால் ஒரு கல்லூரி ‘கடன் இல்லை’ என்று எழுதும், இன்னொரு கல்லூரி அதே மாதிரித் தொகையை ‘கட்டட முன்பணம்’ என்று எழுதும்.

நிலத்தில் கூடுதல் கவனம் வேண்டும். பிராந்தியக் கல்லூரிகள் பலவும் நன்கொடை நிலத்தில் எழுந்தவை. தானப் பத்திரத்தில் ‘இந்த ஊரில் இந்தப் பெயரில் கல்லூரி நடக்கும் வரை’ என்று ஒரு வரி இருக்கும். கல்லூரி கலைக்கப்பட்ட மறுநாள் கொடுத்தவரின் வாரிசுகள் வக்கீலோடு வந்து நிற்க அந்த ஒரு வரி போதும்.

கல்லூரிகள் ஏற்கெனவே வேறொரு பல்கலைக்கழகத்தின் இணைவுக் கல்லூரிகளாக இருந்தால் இன்னொரு கதவும் தட்ட வேண்டும். இந்தியாவின் தொகுப்புப் பல்கலைக்கழகங்கள் இந்த வகை. மும்பையில் எல்ஃபின்ஸ்டன், சிடன்ஹாம் உள்ளிட்ட நான்கு நிறுவனங்களைச் சேர்த்து ஹோமி பாபா மாநிலப் பல்கலைக்கழகம் அமைந்தது. இப்படிப்பட்ட இடங்களில் தாய்ப் பல்கலைக்கழகத்தோடு எழுத்துபூர்வ உடன்பாடு வேண்டும்: எந்தச் சேர்க்கை ஆண்டு வரை பட்டம் அவர்களுடையது, எதிலிருந்து உங்களுடையது, நிலுவைத் தாள்களுக்குத் தேர்வு நடத்துவது யார், கட்டணம் யாருக்கு.

படி 4: சட்டத்தை எழுதுங்கள்

பல்கலைக்கழகச் சட்டங்களின் முதல் பக்கங்கள் எங்கும் ஒன்றுபோலவே இருக்கும்: நோக்கம், அதிகாரம், வேந்தர், துணைவேந்தர், பேரவை, ஆட்சிக்குழு, கல்விப் பேரவை. அவற்றை வேறொரு நல்ல சட்டத்தைப் பார்த்து எழுதிவிடலாம். இணைப்புச் சட்டத்தின் உயிர் கடைசியில் வரும் ‘மாறுகால ஏற்பாடுகள்’ பகுதியில் இருக்கிறது. அவசரத்தில் பலர் அங்கேதான் கைவிட்டுவிடுவார்கள்.

அந்தப் பகுதியில் இருக்க வேண்டியவை: பழைய அமைப்புகளின் எல்லாச் சொத்தும் உரிமையும் கடனும் ஒப்பந்தமும், சட்டம் நடைமுறைக்கு வரும் ‘குறித்த நாளில்’ புதிய பல்கலைக்கழகத்துக்குப் போகும் என்பது, ஊழியர்கள் முந்தைய நிபந்தனைகளுக்குக் குறையாத நிபந்தனைகளில், பணித்தொடர்ச்சி முறியாமல் வருகிறார்கள் என்பது, பழைய கல்லூரியின் பெயரில் எழுதப்பட்ட உயிலும் அறக்கட்டளையும் புதிய பெயரில் எழுதப்பட்டதாகவே படிக்கப்படும் என்பது, முதல் துணைவேந்தரையும் முதல் ஆட்சிக்குழுவையும் யார், எவ்வளவு காலத்துக்கு நியமிப்பது என்பது. கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டால் முட்டையா கோழியா கதைதான். ஆட்சிக்குழு இல்லாமல் துணைவேந்தரைத் தேர்ந்தெடுக்க முடியாது, துணைவேந்தர் இல்லாமல் ஆட்சிக்குழுவைக் கூட்ட முடியாது.

மாணவர் பற்றிய பிரிவு எப்படி இருக்கலாம் என்பதற்கு ஒரு மாதிரி:

‘குறித்த நாளுக்கு முன் இணைந்த கல்லூரி எதிலும் சேர்க்கை பெற்ற மாணவர், தாம் சேர்ந்தபோது நடைமுறையில் இருந்த பாடத்திட்டத்தின்படியும் தேர்வு விதிகளின்படியும் தம் படிப்பை முடிக்க உரிமை உடையவர். அவ்வுரிமை, படிப்பின் இயல்பான காலம் முடிந்த பின் மேலும் மூன்று ஆண்டுகளுக்கு நீடிக்கும். அக்காலம் வரை அத்தேர்வுகளை நடத்துவது பல்கலைக்கழகத்தின் கடமை.’

இதில் ‘கடமை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ‘நடத்தலாம்’ என்று எழுதியிருந்தால் இரண்டாம் ஆண்டே யாராவது ஒருவர், பழைய பாடத்திட்டத்தில் பதினான்கு பேர்தான் மிச்சம், எதற்குத் தனிக் கேள்வித்தாள் என்று கேட்பார். கேட்டார்கள்.

படி 5: தலைமையிடமும் பெயரும்

இரண்டும் உணர்ச்சி சார்ந்தவை. அதனால் சீக்கிரம் முடித்துவிடுவது நல்லது. எந்த ஊரின் பெயரும் வேண்டாம் என்று முடிவு செய்தால் பாதிச் சண்டை தீர்ந்தது. ஆஸ்திரேலியாவில் பாதர்ஸ்ட், வாகா வாகா ஆகிய இரண்டு உள்நாட்டு ஊர்களின் கல்லூரிகளை 1989-ல் சேர்த்தபோது, அந்த நாட்டின் உட்பகுதியை ஆராய்ந்த பழைய பயணி ஒருவரின் பெயரில் சார்ல்ஸ் ஸ்டர்ட் பல்கலைக்கழகம் என்று வைத்தார்கள். பின்லாந்தின் ஹெல்சின்கி பகுதியில் தொழில்நுட்பம், வணிகம், கலை-வடிவமைப்பு ஆகிய மூன்று பல்கலைக்கழகங்கள் இணைந்தபோது, கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்டோவின் பெயரைச் சூட்டினார்கள். பழைய பெயர்களை வளாகப் பெயர்களாக உயிரோடு வைத்திருக்கவும் முடியும். 1978-ல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானபோது இணைந்த கிண்டி பொறியியல் கல்லூரியும் சென்னைத் தொழில்நுட்ப நிறுவனமும் இன்றும் அந்தப் பெயர்களிலேயே வளாகங்களாக இருக்கின்றன. மாணவர்களும் தங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

தலைமையிடத்துக்கு ஒரு யோசனை. துணைவேந்தர் அலுவலகம் ஓர் ஊரில், தேர்வு அலுவலகம் இன்னோர் ஊரில், நிதி மூன்றாவதில் என்று பங்கு பிரித்துக் கொடுப்பது சமாதானத்துக்கு நல்லது, நிர்வாகத்துக்குக் கெட்டது. பிரித்தே ஆக வேண்டுமென்றால் தேர்வையும் மாணவர் பதிவேட்டையும் மட்டும் ஒரே கூரையின் கீழ் வையுங்கள்.

படி 6: மாறுகாலப் பணத்தைத் தனியாக வாங்குங்கள்

இணைத்தால் மிச்சம் என்ற கணக்கு எப்போதும் ஐந்தாம் ஆண்டைப் பார்த்துப் போடப்பட்டிருக்கும். முதல் மூன்று ஆண்டுச் செலவை எண்ணிப் பாருங்கள்: பொதுவான கணினி அமைப்பு, பழைய தரவை மாற்றும் கூலி, ஊதிய விகிதங்களைச் சமன்செய்யும் பணம், விருப்ப ஓய்வு, சட்டச் செலவு, வளாகங்களுக்கு இடையே போக்குவரத்து, இரட்டைத் தேர்வுகள். இவற்றை வழக்கமான வரவு செலவுத் திட்டத்திலிருந்து எடுத்தால், நூலகத்துக்கும் ஆய்வகத்துக்கும் போக வேண்டிய பணம்தான் கரையும்.

ஆல்டோ பல்கலைக்கழகம் 2010-ல் தொடங்கும்போது தனியாரிடம் 20 கோடி யூரோ நன்கொடை திரட்டி, அதற்கு ஈடாக அரசிடமிருந்து 50 கோடி யூரோ மூலதனம் பெறும் ஏற்பாட்டோடு களம் இறங்கியது. எல்லோருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. ஆனால் மாறுகால நிதி என்று தனித் தலைப்பு, தனிக் கணக்கு, மூன்றாண்டு உறுதி ஆகியவற்றை அரசிடமிருந்து எழுத்தில் வாங்காமல் சட்டமுன்வடிவுக்குத் தலையாட்டாதீர்கள். சட்டம் நிறைவேறிய பிறகு பேரம் பேச உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது.

வளாகங்களுக்குள் பணம் பிரிக்கும் விதியையும் இப்போதே எழுதுங்கள். மாணவர் தலைக்கு இவ்வளவு என்று மட்டும் வைத்தால் சிறிய வளாகம் மெல்லப் பட்டினி கிடக்கும். ஒவ்வொரு வளாகத்துக்கும் ஓர் அடிப்படைத் தொகை, அதற்கு மேல் தலைக்கணக்கு என்று வைப்பதே நியாயம்.

படி 7: பணிமூப்பு

கூட்டத்தில் குரல் உயர்வது பெரும்பாலும் இங்கேதான். ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். மூன்று கல்லூரிகளில் மூன்று இயற்பியல் ஆசிரியர்கள். முதலாமவர் 2008-ல் தற்காலிகமாகச் சேர்ந்து 2012-ல் நிரந்தரமானார். இரண்டாமவர் 2010-ல் நேரடியாக நிரந்தரப் பணியில் சேர்ந்தார். மூன்றாமவர் 2011-ல் சேர்ந்து 2016-லேயே இணைப் பேராசிரியர் ஆகிவிட்டார். மற்ற இருவரும் 2018-ல்தான் ஆனார்கள். சேர்ந்த நாளை எடுத்தால் முதலாமவர் மூத்தவர். நிரந்தரமான நாளை எடுத்தால் இரண்டாமவர். இன்றைய பதவிக்கு வந்த நாளை எடுத்தால் மூன்றாமவர். ஒவ்வொரு கல்லூரியும் இதுவரை ஒவ்வொரு விதியைப் பின்பற்றியிருக்கும், மூன்று விதியும் அதனதன் இடத்தில் சரி. அடுத்த துறைத்தலைவர் யார் என்று கேட்கும்போது மூவரும் எழுந்து நிற்பார்கள்.

இதற்கு நான் பரிந்துரைப்பது இது. முதலில், யாருடைய பெயரையும் போடாமல் விதியை மட்டும் அறிவியுங்கள். பெயரோடு பட்டியல் வந்த பிறகு விதியைப் பற்றி யாரும் நேர்மையாகப் பேசமாட்டார்கள். விதி முடிவான பின் வரைவுப் பட்டியல், அதற்கு ஆட்சேபம் தெரிவிக்க இரண்டு மாதம், பிறகு இறுதிப் பட்டியல். இவை எல்லாம் குறித்த நாளுக்கு முன்பே முடிய வேண்டும். துறைத்தலைமையைச் சுழற்சி முறைக்கு மாற்றிவிட்டால் பணிமூப்பின் கூர்மை பாதி மழுங்கும். முதல் ஐந்தாண்டுகளுக்குப் பதவி உயர்வை அந்தந்த வளாகப் பட்டியலின்படியே நடத்துவது மற்றொரு வழி. புதிதாக எடுப்பவர்களை மட்டும் பொதுப் பட்டியலில் சேருங்கள்.

ஊதியத்தில் குறைந்தவரை உயர்த்தலாம், உயர்ந்தவரைக் குறைக்க முடியாது. அதிகம் வாங்குபவரின் வித்தியாசத்தைத் ‘தனி ஊதியம்’ ஆக்கி, வரும் உயர்வுகளில் படிப்படியாகக் கரைப்பது தெரிந்த வழி. ஆனால் ஆசிரியர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்து அலுவலகப் பணியாளர்களை மறந்துவிடுகிறோம். மூன்று கல்லூரிக்கும் மூன்று கணக்கு அதிகாரிகள், மூன்று நூலகர்கள். அவர்களில் இருவருக்கு நாளைக்கு என்ன பதவி என்பது தெரியாத வரை ஒரு கோப்பும் நகராது. முதல்வர்களுக்கும் அப்படியே. வளாக இயக்குநர் என்ற பதவியை உண்மையான அதிகாரத்தோடு உருவாக்குங்கள், வெறும் பெயர்ப்பலகையாக வேண்டாம்.

படி 8: பாதிவழி மாணவர்களும் மதிப்பெண்களும்

மூன்றாம் பருவத்தில் இருக்கும் ஒரு மாணவி கேட்கப் போவது நான்கே கேள்விகள்: என் பாடம் மாறுமா? என் பட்டத்தில் எந்தப் பெயர் இருக்கும்? அரியர் வைத்தால் என்னாகும்? என் வகுப்பு இதே ஊரில்தானே? இந்த நான்குக்கும் ஒரு பக்கத்தில் பதில் எழுதி, சட்டம் நிறைவேறும் அன்றே ஒவ்வொரு மாணவர் கையிலும் கொடுங்கள். வதந்தி அரை நாளில் பரவிவிடும்.

பட்டத்தின் பெயரைப் பொறுத்தவரை, இறுதியாண்டில் விருப்பம் கேட்பதே சிறந்தது. சிலருக்குப் பழைய கல்லூரியின் பெயர் வேண்டும், சிலருக்குப் பல்கலைக்கழகத்தின் பெயர். பழைய அமைப்புக்கோ தாய்ப் பல்கலைக்கழகத்துக்கோ பட்டம் வழங்கும் அதிகாரம் இன்னும் இருக்கிறதா என்பதைச் சட்டத்தில் பார்த்துவிட்டு அந்த விருப்பத்தைக் கொடுங்கள்.

மதிப்பெண் மாற்றம் ஒரு கண்ணிவெடி. ஒரு கல்லூரியில் 60 சதவீதத்துக்கு முதல் வகுப்பு, இன்னொன்றில் பத்துப் புள்ளி கிரேடு, மூன்றாவதில் உள்மதிப்பீடு 25, மற்றதில் 40. எல்லாவற்றையும் ஒரே அளவுகோலுக்கு மாற்றிவிடலாம் என்று கணினிப் பிரிவு சொல்லும். விடாதீர்கள். ஏற்கெனவே வழங்கிய மதிப்பெண்ணை எந்தச் சூத்திரத்தாலும் தொடக் கூடாது. தொட்டால், நேற்று முதல் வகுப்பில் இருந்த ஒருவர் இன்று 59.6-க்கு இறங்குவார், அவர் நீதிமன்றம் போவார், வெல்லவும் செய்வார். பழைய பருவங்கள் பழைய முறையிலும் புதிய பருவங்கள் புதிய முறையிலும் அச்சாகும் இரண்டு பகுதி மதிப்பெண் பட்டியலே பாதுகாப்பானது. பார்க்க அழகாக இருக்காது. பரவாயில்லை.

பதிவெண்ணுக்கு வருவோம். குறித்த நாளுக்கு ஓராண்டு முன்பே எல்லா மாணவருக்கும் புதிய எண் கொடுங்கள். பழைய எண்ணை அழிக்காமல் அதே பதிவில் தனிக் கட்டத்தில் வையுங்கள். தரவை மாற்றும்போது மாதிரிச் சோதனை போதாது. ஒவ்வொரு கல்லூரியிலும் இப்படிப்பட்ட மாணவர்களைத் தேடி எடுத்து முழுப் பதிவையும் கையால் சரிபாருங்கள்: படிப்பை இடையில் விட்டுத் திரும்பியவர், துறை மாறியவர், மறுமதிப்பீட்டில் மதிப்பெண் மாறியவர், பெயர் மாற்றம் செய்தவர், ஒரே தாளை நான்கு முறை எழுதியவர். கணினி தடுமாறுவது இவர்களிடம்தான். இவர்களின் பதிவு சரியாக வந்தால் மற்றவர்களுடையதும் வரும். பழைய கணினி அமைப்பைப் படிக்க மட்டுமாவது ஐந்தாண்டு உயிரோடு வைத்திருங்கள்.

படி 9: துறைகளையும் வளாகங்களையும் மெதுவாகத் தொடுங்கள்

மூன்று வளாகத்திலும் வரலாற்றுத் துறை இருக்கிறதே, ஒன்றாக்கினால் என்ன என்று முதல் ஆண்டே கேட்பார்கள். ஒன்றாக்குவது பாடத்திட்டத்தையா, ஆட்களையா, இடத்தையா என்று திருப்பிக் கேளுங்கள். பாடத்திட்டத்தை உடனே ஒன்றாக்கலாம். ஆட்களை ஒரே துறையின் கீழ் கொண்டுவர இரண்டாண்டு ஆகும். இடத்தை மூடுவதென்றால் அது அரசியல்.

நார்வேயில் 2016-ல் நோர்ட் பல்கலைக்கழகம் உருவானபோது அதில் நெஸ்னா என்ற சிற்றூரின் கல்லூரியும் சேர்ந்தது. நீண்ட ஆசிரியர் பயிற்சி மரபுள்ள இடம் அது. மூன்றாண்டு கழித்து, 2019-ல், அந்த வளாகத்தை மூட ஆட்சிக்குழு முடிவெடுத்தது. பெரும் எதிர்ப்பு கிளம்பி அது தேசிய அரசியல் பிரச்சினையானது. 2021-ல் வந்த புதிய அரசு அங்கே படிப்பை மீட்பதாகத் தன் கொள்கை அறிக்கையில் எழுதியது. சிற்றூரில் கல்லூரி என்பது பல குடும்பங்களின் வேலை, பல வீடுகளின் வாடகை, இளைஞர்கள் ஊரில் தங்க ஒரு காரணம். இணைப்பு ஒப்பந்தத்திலேயே ‘எந்த வளாகமும் இத்தனை ஆண்டுக்கு மூடப்படாது, அதன் பின் மூடுவதென்றால் இந்த நடைமுறை’ என்று எழுதிவிடுங்கள். ‘ஒருபோதும் மூடமாட்டோம்’ என்று மட்டும் எழுதாதீர்கள், அதை யாரும் நம்பமாட்டார்கள்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வேறு கதை. மூன்று பொதுக் கல்வி நிறுவனங்கள் 2023 ஜூலை 1 அன்று ஒரே பல்கலைக்கழகமாகத் தொடங்க இருந்தன. ஐந்து மாதம் முன்பு, பிப்ரவரியில், நூலகங்கள் முழுக்க மின்வடிவத்துக்கு மாறும் என்று நிர்வாகம் அறிவித்தது. மாணவரும் ஆசிரியரும் கொதித்தெழுந்தார்கள். ஏப்ரலில், பல்கலைக்கழகம் திறப்பதற்கு முன்பே, அதன் முதல் தலைவர் பதவி விலகினார். சிக்கனக் கணக்கு சரியாகவே இருந்திருக்கட்டும். ஆனால் மனிதர்கள் தங்கள் கல்லூரி மறைவதை ஜீரணித்துக்கொண்டிருக்கும் மாதத்தில் புத்தக அலமாரியில் கைவைக்கக் கூடாது.

படி 10: நாள் குறியுங்கள்

முடிவு எடுப்பதிலிருந்து தொடக்க நாள் வரை இரண்டரை முதல் மூன்று ஆண்டு வையுங்கள். முதல் ஆறு மாதம் காரணமும் வடிவமும் வில்லங்கமும். அடுத்த ஓராண்டு சட்டம், நிதி உறுதி, பணிமூப்பு விதி. கடைசி ஓராண்டு பதிவேடு, புதிய பதிவெண், ஒத்திகை. பேச்சே முறிந்து போகவும் கூடும். அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்ட், கார்லோ தொழில்நுட்ப நிறுவனங்களின் பேச்சு 2014-ல் நின்றுபோய், பிறகு தொடர்ந்து, 2022 மே மாதம்தான் பல்கலைக்கழகமாக முடிந்தது. நார்வே இரண்டு படியாக ஏறியது: 1994-ல் 98 பிராந்தியக் கல்லூரிகளை 26 அரசுக் கல்லூரிகளாக்கினார்கள், அவற்றில் சில பின்னர் பல்கலைக்கழகத் தகுதி பெற்றன, எடுத்துக்காட்டாக அக்டர் கல்லூரி 2007-ல்.

தொடக்க நாள் நிதியாண்டின் முதல் நாளாக இருந்தால் கணக்குப் பிரிவுக்கு நிம்மதி. கல்வியாண்டின் முதல் நாளாக இருந்தால் தேர்வுப் பிரிவுக்கு. இரண்டும் பெரும்பாலும் ஒன்றாக வராது. நான் எந்தப் பக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். குறைந்தபட்சம், தேர்வு முடிவு வெளியாகும் மாதத்தில் மட்டும் வேண்டாம்.

அந்த நாளுக்கு முன் முழு ஒத்திகை ஒன்று நடத்துங்கள்: ஒரு சேர்க்கை, ஒரு கட்டண ரசீது, ஒரு சம்பளப் பட்டியல், ஒரு தேர்வு முடிவு, ஒரு மாற்றுச் சான்றிதழ். ஐந்தும் புதிய பெயரில், புதிய கணினியில், எல்லா வளாகத்திலும் வெளிவர வேண்டும். ஒன்று வராவிட்டாலும் நாளைத் தள்ளிப்போடுங்கள். விழாவுக்கு அமைச்சர் தேதி கொடுத்துவிட்டார் என்றால் விழாவை நடத்திக்கொள்ளுங்கள், சட்டத்தின் நாளை மட்டும் தள்ளுங்கள்.

படி 11: பிரியும் வழியையும் எழுதி வையுங்கள்

இதைச் சொன்னால் அபசகுனம் என்பார்கள். ஆனால் நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகம் ஆஸ்திரேலியாவில் 1989-ல் நார்தர்ன் ரிவர்ஸ் கல்லூரியைச் சேர்த்துக்கொண்டது. ஐந்தாண்டுக்குள் அந்த இணைப்பு கலைந்து, 1994-ல் சதர்ன் கிராஸ் பல்கலைக்கழகம் தனியாகப் பிறந்தது. எதிர்த்திசையிலும் நடக்கும். அண்ணா பல்கலைக்கழகத்திலிருந்து 2007-ல் தொடங்கி வட்டாரப் பல்கலைக்கழகங்கள் பிரிந்தன. 2012-ல் அவை மறுபடி ஒன்றாயின. இடைப்பட்ட ஆண்டுகளில் தேறியவர்களின் பட்டங்களில் இன்று இயங்காத பெயர்கள் இருக்கின்றன.

ஐந்தாம் ஆண்டில் வெளிக்குழு ஒன்று ஆய்வு செய்யட்டும். பிரிய நேர்ந்தால் சொத்து எப்படி, ஊழியர் எங்கே, மாணவர் பதிவேட்டின் மூலப்பிரதி யாரிடம் என்று மூன்று வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

கலைக்கப்பட்ட கல்லூரிகளின் பழைய பதிவேடுகளுக்கும் ஓர் ஏற்பாடு வேண்டும். எல்லா மதிப்பெண் பேரேடுகளும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்யப்பட வேண்டும். முதல்வர்களின் மாதிரிக் கையொப்பங்களும் பழைய முத்திரைகளின் அச்சும் ஒரே கோப்பில் இருக்க வேண்டும். பழைய கல்லூரியின் சார்பில் நகல் சான்றிதழில் கையெழுத்திட அதிகாரம் பெற்ற ஓர் அலுவலர் பெயர் சொல்லி நியமிக்கப்பட வேண்டும். முப்பது ஆண்டுக்கு முன் அங்கே படித்து, வெள்ளத்திலோ வீடு மாற்றத்திலோ சான்றிதழைத் தொலைத்த ஒருவர் ஒரு நாள் கவுன்டருக்கு வருவார். கல்லூரியின் பெயரைச் சொல்வார். கவுன்டரில் இருக்கும் பிள்ளை அந்தப் பெயரை அதற்கு முன் கேள்விப்பட்டே இருக்காது. அந்தப் பிள்ளை எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்பது மேசைக் கண்ணாடியின் கீழ் ஒரு தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.